நரம்பில் ஏற்றும் இரும்புச்சத்து: ஃபெரிக் கார்பாக்சிமால்டோஸ்

எனக்குப் பெருங்குடல் அழற்சி நோய். இரும்புச்சத்து மாத்திரை விழுங்கினாலே வயிறு முறுக்கும். மலமும் கறுத்துவிடும், இரத்தப்போக்கோ என்று மனம் பதறும். போதாக்குறைக்கு, அழற்சியின்போது கல்லீரல் அதிகம் சுரக்கும் ஹெப்சிடின் என்ற ஹார்மோன், குடல் இரும்பை உறிஞ்சவிடாமல் தடுக்கிறது. அதனால்தான் மருத்துவர் இந்த மருந்துக்கு மாற்றினார்.

1000 மில்லிகிராம், உப்புநீரில் கலந்து, 15 நிமிடத்தில் ஏறிவிட்டது. பிறகு அரை மணி நேரக் கண்காணிப்பு. சில வாரங்களில் மாடிப்படியில் மூச்சிரைப்பு நின்றது. குடலை ஒரு முறைகூடச் சீண்டவில்லை என்பதற்காகவே இதை மனதாரப் பரிந்துரைக்கிறேன். விலைதான் கடிக்கிறது. சிலருக்கு இரத்தத்தில் பாஸ்பேட் குறையும். எலும்பு வலித்தால் உடனே சொல்லுங்கள்.

உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் இரத்தப் பரிசோதனையில் 60 (மைக்ரோகிராம்/லிட்டர்) என்று வந்தால் நிம்மதி அடைந்துவிடாதீர்கள். அழற்சி இருக்கும்போது 100 வரைகூடப் பற்றாக்குறையாக இருக்கலாம். இரத்தத்தில் இரும்பைச் சுமக்கும் புரதம் எத்தனை சதவீதம் இரும்பால் நிரம்பியிருக்கிறது என்று காட்டும் டிரான்ஸ்ஃபெரின் செறிவையும் (transferrin saturation) சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள்.