போட்டோவை கம்ப்யூட்டருக்கு மாற்றக் கடையில் போனைக் கொடுக்கப் போகிறீர்களா?

போனில் இடம் நிறைந்துவிட்டது, படங்களை வீட்டுக் கம்ப்யூட்டருக்கு மாற்றிவிட்டு போனைக் காலி செய்யலாம் என்று கடைக்குக் கிளம்புகிறவர்கள், இதைப் படித்துவிட்டுக் கிளம்புங்கள். ஐபோன் வைத்திருக்கும் பெரியவர்கள் வீட்டில் இருந்தால் அவர்களுக்கும் படித்துக் காட்டுங்கள். என் மாமனாரிடம் ஒரே கடை இரண்டு தடவை பணம் வாங்கியிருக்கிறது. படங்களை மாற்றுவதற்கு 800 ரூபாய். அந்த வேலையில் அழிந்துபோன படங்களை "மீட்டுத் தர" 4,500 ரூபாய். மீட்டது எதுவும் இல்லை. குடும்பத்தின் பல வருடப் படங்களில் பாதிக்கு மேல் இப்போது எங்குமே கிடையாது.

மாமா திருச்சி பெல்லில் ஸ்டோர்ஸ் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். கொழுந்தனார் சிங்கப்பூரில் இருந்து கொண்டுவந்து கொடுத்த 64 ஜிபி ஐபோன் அவருடையது. ஆப்பிளின் இணையச் சேமிப்பிடமான ஐக்ளவுடில் 200 ஜிபி திட்டத்துக்குக் கொழுந்தனாரே மாதாமாதம் கட்டுகிறார். போனில் வாட்ஸ்அப் குவிந்து "ஸ்டோரேஜ் ஃபுல்" என்று வந்துகொண்டே இருந்தது. நாங்கள் ஊரில் இல்லாத நேரம். மெயின் ரோட்டில் "டேட்டா டிரான்ஸ்ஃபர், டேட்டா ரெக்கவரி" என்று போர்டு மாட்டிய ஒரு மொபைல் கடைக்கு ஹார்ட் டிஸ்க்கையும் எடுத்துக்கொண்டு போயிருக்கிறார்.

"போன் டு பிசி பண்ணிடலாம் ஐயா. போட்டோ எல்லாத்தையும் டிஸ்க்குல ஏத்திட்டு, பழசை க்ளியர் பண்ணி, போனைப் புதுசு மாதிரி குடுத்துடுறோம்."

கடைப் பையன் கேட்ட முதல் விஷயம் பாஸ்கோடு. அதை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி, செல்லோடேப் போட்டு போனின் முதுகிலேயே ஒட்டிவிட்டான். கடையில் யார் வேண்டுமானாலும் திறக்கலாம். சாயந்திரம் வேலை முடிந்தது. பில் கேட்டதற்கு, "இதுக்கெல்லாம் பில் போடறதில்லீங்க ஐயா, ஜிபே பண்ணிடுங்க" என்று பதில். ஸ்டோர்ஸில் இருந்தவர் அல்லவா, பில் இல்லை என்பதையும் டைரியில் குறித்து வைத்திருக்கிறார்.

வீட்டுக் கம்ப்யூட்டரில் ஹார்ட் டிஸ்க்கைப் போட்டுப் பார்த்தால் சமீபத்திய படங்கள் கொஞ்சம் இருந்தன. பேரனின் காதுகுத்து வீடியோ பாதியில் நின்றது. அதற்கு முந்தைய வருடங்கள் இல்லை. போனின் கேலரி துடைத்துவிட்டது போல் இருந்தது. கடையில் போய்க் கேட்டேன். "நடுவுல எர்ரர் வந்துச்சுக்கா. ஸ்கிப் குடுத்து முடிச்சேன். போன்ல டெலிட் பண்ணது ஐயா சொல்லித்தான்" என்றான்.

இங்கே நடந்தது என்ன என்பதைக் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன். இது தெரியாத கடைகள்தான் அதிகம். தெரிந்தும் காசுக்காகச் செய்கிற கடைகளும் உண்டு.

ஐபோனில் ஐக்ளவுட் போட்டோஸ் ஓடிக்கொண்டிருந்து, "ஐபோன் ஸ்டோரேஜை ஆப்டிமைஸ் செய்" என்பதும் போடப்பட்டிருந்தால், போனில் இடம் குறையும்போது பழைய படங்களின் அசல் ஆப்பிள் சர்வருக்குப் போய்விடும். போனில் தெரிவது சின்ன அளவுப் பிரதி மட்டுமே. அடகுச் சீட்டு கையில் இருக்கிறது, நகை கடையில் இருக்கிறது என்பது போலத்தான். கேபிள் போட்டு விண்டோஸில் திறந்தால் போனுக்குள் முழுசாக உள்ள படங்கள் மட்டும் வரும். மாற்றுவதற்கு முன் அசலைப் போனுக்கு இறக்கிக்கொள்ள வேண்டும் என்று ஆப்பிளே சொல்கிறது. 64 ஜிபி போனில் அதற்கு இடமே இல்லை என்பது போனைக் கையில் வாங்கிய நிமிடமே தெரிந்திருக்க வேண்டும்.

பையன் சொன்ன "எர்ரர்" வேறு சங்கதி. 2017-இல் வந்த ஐஓஎஸ் 11 என்ற இயங்குதளப் பதிப்பிலிருந்து ஐபோன் படங்களை ஹெய்க் (HEIC) என்ற வடிவத்தில் சேமிக்கிறது. செட்டிங்ஸில் போட்டோஸ் பகுதியின் அடியில், மேக் அல்லது பிசிக்கு மாற்றும்போது எப்படி என்று ஒரு தேர்வு இருக்கும். அது "ஆட்டோமேட்டிக்" என்று இருந்தால், போகிற போக்கிலேயே வழக்கமான ஜேபெக் (JPEG) படமாக மாற்றி அனுப்பப் பார்க்கும். பெரிய அளவில் காப்பி செய்யும்போது பல கம்ப்யூட்டர்களில் அது நடுவில் திணறி, இணைத்த சாதனம் இயங்கவில்லை என்று ஒரு செய்தியைக் காட்டி நின்றுவிடும். "கீப் ஒரிஜினல்ஸ்" என்று மாற்றிவிட்டால் பெரும்பாலும் பிரச்னை தீர்ந்துவிடும். ஒரு நிமிட வேலை. அதைச் செய்யாமல் ஒவ்வொன்றுக்கும் ஸ்கிப் அழுத்தியிருக்கிறான்.

அதுவரைக்கும் நடந்தது அரைகுறை வேலை, அவ்வளவே. அசல் ஐக்ளவுடில் பத்திரமாக இருந்தது. அடுத்ததுதான் அநியாயம். போனில் எல்லாப் படங்களையும் தேர்ந்தெடுத்து டெலிட் கொடுத்திருக்கிறான். ஐக்ளவுட் போட்டோஸ் ஓடும்போது போனில் அழித்தால் சர்வரிலும் அழியும், அதே கணக்கில் இருக்கும் மற்ற ஐபேட், மேக் எல்லாவற்றிலும் அழியும். எல்லாச் சாதனங்களில் இருந்தும் போய்விடும் என்று போனே எச்சரித்துவிட்டுத்தான் அழிக்கும். அந்த எச்சரிக்கையையும் தாண்டிப் போயிருக்கிறான். அழித்தவை "சமீபத்தில் நீக்கியவை" ஆல்பத்தில் 30 நாள் வரை இருக்கும். அன்று இரவே பார்த்திருந்தால்கூட எல்லாம் திரும்பியிருக்கும். "அதையும் காலி பண்ணாத்தான் ஸ்பேஸ் வரும்" என்று அதையும் காலி செய்துவிட்டான். மாமா "க்ளியர் பண்ணுப்பா" என்று சொன்னது, எல்லாம் டிஸ்க்கில் ஏறிவிட்டது என்று இவன் சொன்னதை நம்பி. ஏறிய எண்ணிக்கையை யாரும் சரிபார்க்கவில்லை. காசு வாங்கியவனின் வேலை அது.

இதற்குப் பிறகு கடை முதலாளியே மாமாவுக்குப் போன் செய்து, "கவலைப்படாதீங்க சார், எங்ககிட்ட ரெக்கவரி சாஃப்ட்வேர் இருக்கு, நூத்துக்கு நூறு எடுத்துடலாம்" என்று 2,000 ரூபாய் அட்வான்ஸ் வாங்கியிருக்கிறார். மீதி 2,500 பென் டிரைவைக் கொடுத்தபோது. அந்தப் பென் டிரைவில் ஆயிரக்கணக்கில் படங்கள். பிள்ளையாரோடு காலை வணக்கம், முருகனோடு காலை வணக்கம், ரோஜாப்பூவோடு இனிய வெள்ளி, வாட்ஸ்அப் ஸ்டிக்கர்கள், குலதெய்வம் கோயில் கும்பாபிஷேக நோட்டீஸ் நாலைந்து தடவை. மாமாவின் வாட்ஸ்அப் குரூப்புகளில் வந்த ஃபார்வர்டுகள். அவை ஏற்கெனவே போனில் இருந்தவை! அழியாததை எடுத்து ஒரு ஃபோல்டரில் போட்டு "ரெக்கவர்டு" என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

ஐபோனில் ஒவ்வொரு கோப்பும் தனிச் சாவியால் பூட்டப்படுகிறது. கோப்பை நிரந்தரமாக அழித்தால் அந்தச் சாவியும் போய்விடும். மிஞ்சுகிற தரவை எந்தச் சாஃப்ட்வேராலும் படமாக்க முடியாது. ஆண்ட்ராய்டிலும் 10-ஆம் பதிப்போடு வெளிவரத் தொடங்கிய புது போன்களில் இருந்து இப்படிக் கோப்புவாரியாகப் பூட்டுவது கட்டாயம். கேமரா மெமரி கார்டு, பழைய பென் டிரைவ் கதை வேறு. மேலே வேறெதுவும் எழுதாமல் இருந்தால் அவற்றில் மீட்க நல்ல வாய்ப்பு உண்டு. அந்தக் காலத்து அனுபவத்தை வைத்துக்கொண்டு, போனின் உள்நினைவகத்திலும் "நூற்றுக்கு நூறு" என்று ஒருவர் சொன்னால், அவர் உங்கள் பதற்றத்தை விலை பேசுகிறார். இணையத்தில் விற்கும் மீட்புச் செயலிகளில் பலவும் இதே வித்தைதான். இலவசமாக ஸ்கேன் செய்து இத்தனை ஆயிரம் படங்கள் கிடைத்தன என்று காட்டும், காசு கட்டினால்தான் திறக்கும், திறந்தால் காலை வணக்கம்.

பென் டிரைவைப் பார்த்தபோது இன்னொன்றும் உறைத்தது. இந்த வாட்ஸ்அப் படங்கள் கடைக்கு எப்படிப் போயின? போனை முழுவதுமாகக் கடை லேப்டாப்பில் பேக்கப் எடுத்திருக்கிறார்கள், கடவுச்சொல் போடாமல். அந்தப் பேக்கப்பில் எஸ்எம்எஸ், தொடர்பு எண்கள், வாட்ஸ்அப் உரையாடல்கள் எல்லாம் திறந்தபடி கிடக்கும். வங்கிச் செய்திகளும் அதில் அடக்கம். கணவரும் நானும் போய், எங்கள் கண் முன்னால் அதை அழிக்க வைத்தோம். வேறெங்கும் நகல் இல்லை என்று கடைக்காரர் சொல்கிறார். என்ன செய்ய, பாஸ்கோடையும் ஆப்பிள் கணக்கின் கடவுச்சொல்லையும் உடனே மாற்றினோம். செட்டிங்ஸில் ஜெனரல், அதற்குள் "டிரான்ஸ்ஃபர் ஆர் ரீசெட் ஐபோன்", அதில் ரீசெட், அதற்குள் "லொகேஷன் அண்ட் பிரைவஸி" என்பதைத் தட்டினால், இதுவரை "இந்தக் கம்ப்யூட்டரை நம்பு" என்று கொடுத்த அனுமதிகள் எல்லாம் ரத்தாகும். அதையும் செய்தோம்.

எங்களுக்குக் கொஞ்சமாவது திரும்பியது வீட்டிலேயே இருந்த ஒரு பழைய ஐபேடால். பேரன்கள் விளையாடிவிட்டுச் சார்ஜ் போடாமல் அலமாரியில் கிடந்தது. மாமாவின் கணக்குதான் அதிலும். அணைந்து கிடந்ததால் அழிக்கும் கட்டளை அதற்குப் போய்ச் சேரவில்லை. கணவர் உடனே சார்ஜ் போடப் போனார். "ரவுட்டரை முதல்ல ஆஃப் பண்ணுங்க" என்று தடுத்தேன். வைஃபை கிடைத்த சில நிமிடங்களில் அதிலும் படங்கள் காணாமல் போயிருக்கும். ரவுட்டரை அணைத்துவிட்டு ஐபேடைப் போட்டு, செட்டிங்ஸுக்குள் போய் வைஃபையை நிறுத்தினோம். மேலிருந்து இழுக்கிற கன்ட்ரோல் சென்டரில் வைஃபை பொத்தானைத் தட்டினால் அது தற்காலிகத் துண்டிப்புதான், மறுநாள் தானாகவே சேர்ந்துகொள்ளும். ஐபேடில் அசல் படங்களை வைத்துக்கொள்ளும் தேர்வு இருந்ததால், கடைசியாக அது ஓடிய காலம் வரைக்குமான படங்களில் ஒரு பகுதி முழு அளவில் கிடைத்தது. கேபிள் போட்டு ஃபோல்டர் ஃபோல்டராகக் கம்ப்யூட்டருக்கு எடுத்தோம். அத்தை இருந்த காலத்துப் படங்கள் கொஞ்சம் அதில் வந்துவிட்டன. மற்றவை போனது போனதுதான். சொந்தக்காரர்களின் வாட்ஸ்அப்பில் தேடி எடுத்தவை எல்லாம் அளவு சுருங்கியவை.

இந்த வேலையைக் கடைக்குக் கொண்டுபோகவே தேவையில்லை. தரவு போகிற கேபிளாக இருக்க வேண்டும். சார்ஜுக்கு மட்டுமான மலிவு கேபிளில் கம்ப்யூட்டர் போனைக் கண்டுகொள்ளாது. விண்டோஸுக்கு ஆப்பிள் டிவைசஸ் செயலியை மைக்ரோசாஃப்ட் ஸ்டோரில் இருந்தே இலவசமாகப் போட்டுக்கொள்ளலாம். அதில் "சிங்க்" என்று வரும் பகுதிகளில் கை வைக்காதீர்கள். அது கம்ப்யூட்டரில் இருப்பதைப் போனுக்கு ஏற்றுகிற வேலை, போனில் ஏற்கெனவே ஏற்றியிருப்பதை அழித்துவிட்டுப் புதியதை வைக்கவா என்றுகூடக் கேட்கும். படம் எடுக்க விண்டோஸின் போட்டோஸ் செயலியோ சாதாரண காப்பியோ போதும். அசல் ஐக்ளவுடில் இருந்தால் ஐக்ளவுட் டாட் காம் தளத்தில் நுழைந்து, ஒரு தடவைக்கு 1,000 படங்கள் வரை கம்ப்யூட்டருக்கு நேராக இறக்கலாம். மெதுவாகப் போகும், போகட்டும்.

ஆண்ட்ராய்டுக்காரர்களும் நிம்மதியாக இருக்க வேண்டாம். கூகுள் போட்டோஸில் பேக்கப் ஆன படத்தை அந்தச் செயலியில் அழித்தால் கூகுள் கணக்கிலும் அழியும். குப்பைத்தொட்டியில் 60 நாள் இருக்கும், அவ்வளவே. போனில் மட்டும் இடம் வேண்டுமென்றால் அதற்கென்றே "ஃப்ரீ அப் ஸ்பேஸ்" என்று தனித் தேர்வு இருக்கிறது. கேபிள் போட்டு மாற்றும்போது கட் செய்து பேஸ்ட் செய்கிற கடையைக் கண்டால் போனைப் பிடுங்கிக்கொண்டு வந்துவிடுங்கள், நடுவில் கேபிள் அசைந்தால் இரண்டு பக்கமும் இல்லாமல் போகலாம். அப்படியும் கடைக்குப் போய்த்தான் ஆக வேண்டும் என்றால் ஒரே நிபந்தனை வையுங்கள்: காப்பி மட்டும் செய்யுங்கள், ஒரு படத்தையும் அழிக்கக் கூடாது. வீட்டுக்கு வந்து எண்ணிக்கையைப் பார்த்து, நாலைந்து வீடியோவைக் கடைசி வரை ஓட்டிப் பார்த்து, இன்னொரு இடத்தில் இன்னொரு நகலும் எடுத்தபிறகு நீங்களே அழித்துக்கொள்ளுங்கள்.

பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு, "ஐக்ளவுட் பிரச்னைங்க, அது ஆப்பிள்காரன் பண்றது" என்று முதலாளி கையை விரித்தார். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்துவிட்டோம். அடுத்து மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்கு அங்கே கட்டணம் கிடையாது, சம்பவம் நடந்து இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, பிரிவு 2(47)-இன்படி பில் கொடுக்காததே முறையற்ற வணிக நடைமுறை. கடைக்காரர் வேலையை ஒத்துக்கொண்டதற்கு எங்களிடம் இருக்கும் சான்றுகள் ஜிபே விவரம், மாமாவின் டைரி, "நூத்துக்கு நூறு எடுத்துடலாம்" என்று முதலாளியே வாட்ஸ்அப்பில் அனுப்பிய ஒரு வாய்ஸ் மெசேஜ். கடைசியில் சொன்னதுதான் பலமானது என்று வக்கீல் சொல்கிறார். ஆகவே பில் தராத கடையில் வேலை கொடுக்க நேர்ந்தால், என்ன வேலை, எவ்வளவு காசு, எதை அழிக்கக் கூடாது என்பதை அவர்கள் எண்ணுக்கு வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்பி, "சரி" என்று பதில் வாங்கிக்கொண்டு போனைக் கொடுங்கள்.