வர்த்தகமும் சுற்றுச்சூழலும்: இணைய வகுப்பு விமர்சனம்

ஏற்றுமதி ஆவணங்கள் தயாரிப்பது என் வேலை. பொருளைத் தயாரிக்கையில் வெளியாகும் கார்பனின் கணக்கு கேட்டு மின்னஞ்சல்கள் குவிய ஆரம்பித்ததும் இந்தக் கட்டண வகுப்பில் சேர்ந்தேன்.

இறால்–ஆமை வழக்குப் பாடம் ஒன்றுக்கே காசு கொடுக்கலாம். ஆமை தப்பிக்கும் கருவி இல்லாத வலையில் பிடித்த இறாலுக்கு அமெரிக்கா தடை போட்டது. இந்தியா, மலேசியா, பாகிஸ்தான், தாய்லாந்து நான்கும் உலக வர்த்தக அமைப்பில் வழக்குப் போட்டன. 1998 தீர்ப்பைப் பலரும் ‘ஆமை தோற்றது’ என்றே சொல்வார்கள். ஆசிரியர் தீர்ப்பின் பத்திகளைத் திரையில் வைத்தே படிக்கிறார்: காட் (GATT) என்ற உலக வர்த்தக ஒப்பந்தத்தின் 20-ஆவது பிரிவின்படி, அழியும் வளத்தைக் காக்கத் தடை போடலாம். கோளாறு பாரபட்சத்தில்தான். கரீபியப் பகுதி நாடுகளுக்கு மூன்று வருட அவகாசம், மற்றவர்களுக்கு நான்கே மாதம்! அமெரிக்கா நடைமுறையைத் திருத்தியதும் 2001-இல் அதே தடை செல்லுபடியானது.

அப்புறம் சரிவு. ஐரோப்பிய ஒன்றியத்தின் எல்லைக் கார்பன் வரியை, அதாவது இறக்குமதிப் பொருளின் தயாரிப்பில் வெளியான கார்பனுக்கான கட்டணத்தை, அவசரமாக ஓட்டிவிட்டார்கள். சிமென்ட், எஃகு, அலுமினியம், உரம் விற்பவர்களுக்குத் தலைவலியே அதுதானே? 2023 அக்டோபரில் தொடங்கிய, கணக்கை அறிக்கையாக மட்டும் கொடுக்கும் கட்டத்தோடு பாடம் நின்றுவிடுகிறது. 2026 ஜனவரியிலிருந்து வரும் பணப் பொறுப்பு பற்றிப் பேச்சே இல்லை. உலக வர்த்தக அமைப்பின் மீன்பிடி மானிய ஒப்பந்தம் பற்றிய பாடமும் 2022-இலேயே நிற்கிறது. அந்த ஒப்பந்தம் 2025 செப்டம்பரில் அமலுக்கு வந்துவிட்டது.

கேள்வி கேட்டால் பதில் தாமதமாகத்தான் வரும். சட்டம் படிப்பவர்கள் சேரலாம். என்னைப் போல படிவம் நிரப்புகிறவர்கள், பாடங்களைப் புதுப்பிக்கும் வரை காத்திருங்கள்.