பழைய கார் ‘ஸ்பெஷலிஸ்ட்’ ஊற்றிய பேரல் ஆயில்: பழைய எம்ஜி வைத்திருப்பவர்கள் கவனத்துக்கு

காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான் பக்கம் பழைய கார் வைத்துப் பராமரிப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். ‘விண்டேஜ் ஸ்பெஷலிஸ்ட்’ என்று பலகை, ஏசி போட்ட வரவேற்பறை, சுவரெல்லாம் பந்தயக் கார் படங்கள் என்று பளபளப்பாக இருக்கும் ஓர் ஒர்க்ஷாப்பில் என் வண்டியை ஆயில் மாற்ற விட்டேன். பில்லில் எழுதியது ஒன்று, வண்டிக்குள் ஊற்றியது வேறு. கடையின் பெயரை இங்கே போடவில்லை. புகார் நடந்துகொண்டிருக்கிறது, அது முடியட்டும். ஆனால் அவர்கள் செய்த வேலை இன்னும் பல இடங்களில் நடக்கிற வேலைதான், அதனால் பெயரைவிட விவரம் முக்கியம்.

வண்டி 1965 எம்ஜிபி ரோட்ஸ்டர், அதாவது எம்ஜி என்ற பிரிட்டிஷ் கம்பெனியின் திறந்த ஸ்போர்ட்ஸ் கார். அம்மான் சென்னையில் வாங்கி ஆசையாக ஓட்டியது, இப்போது என்னிடம் இருக்கிறது. இங்கிலாந்தின் அபிங்டன் தொழிற்சாலையில் 1962 முதல் 1980 வரை 5 லட்சத்துக்கும் மேல் செய்து தள்ளிய மாடல், எனவே உலகத்தில் இல்லாத அதிசயம் ஒன்றும் இல்லை. 1798 சிசி, நான்கு சிலிண்டர், ‘பி சீரிஸ்’ இன்ஜின். நம் அம்பாசடரில் வெகுகாலம் ஓடிய 1489 சிசி பெட்ரோல் இன்ஜினும் அதே பி சீரிஸ் வகைதான்.

வண்டியை விடும்போது எந்த ஆயில் எங்கே என்று ஒரு தாளில் எழுதியே கொடுத்தேன். இன்ஜினுக்கு மினரல் (கச்சா எண்ணெயிலிருந்து வடித்த சாதாரண ஆயில்) 20டபிள்யூ-50. இதில் முன் எண் குளிரிலும், பின் எண் சூட்டிலும் ஆயிலின் கெட்டித்தன்மையைச் சொல்லும். கியர்பாக்ஸுக்கும் அதே இன்ஜின் ஆயில். பின் ஆக்சிலுக்கு மட்டும் 90 நம்பர் ஹைப்பாய்டு (அதிக அழுத்தத்தில் உரசும் பல்சக்கரங்களுக்கான) கியர் ஆயில். கியர்பாக்ஸுக்கு இன்ஜின் ஆயிலா என்று பல மெக்கானிக்குகள் நம்ப மாட்டார்கள். ஆனால் எம்ஜிபி அப்படித்தான், தயாரித்தவர்களே சொன்னது. அங்கிருந்த மேனேஜர் தாளை வாங்கி மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, “நாங்க பாக்காத எம்ஜியா அண்ணே, விட்டுட்டுப் போங்க” என்றார்.

பில் 14,800 ரூபாய். ‘இம்போர்ட்டட் கிளாசிக் 20டபிள்யூ-50, சீல்டு கேன்’ என்று இன்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் சேர்த்துப் போட்டிருந்தார்கள். புது ஆயில் ஃபில்டர், இன்ஜின் ஃப்ளஷ் (உள்ளே கழுவும் திரவம்), கூலி எல்லாம் தனித்தனி வரி. பார்க்க அவ்வளவு ஒழுங்கான பில்.

அடுத்து பிள்ளையார்பட்டிக்குப் போனபோதுதான் சந்தேகம் வந்தது. இந்த மாடலில் ஆயில் பிரஷருக்கு டேஷ்போர்டில் முள்ளே உண்டு. நல்ல இன்ஜினில் சூடான பிறகு ஓட்டத்தில் சதுர அங்குலத்துக்கு 50 முதல் 80 பவுண்டு வரையும், ஐடிலில் (நின்றபடி இன்ஜின் மட்டும் ஓடும்போது) 10 முதல் 25 வரையும் காட்ட வேண்டும். என் வண்டி சித்திரை வெயிலில்கூட ஓட்டத்தில் 60-க்குக் கீழே இறங்கியதில்லை. அன்று குன்றக்குடி ரோட்டிலேயே முள் 40-ஐத் தொட்டது. கோயில் முன்னால் இன்ஜின் ஐடிலில் நின்றபோது கிட்டத்தட்ட அடியில் போய்ப் படுத்துவிட்டது. இன்ஜின் வால்வுகளைத் தள்ளும் டேப்பட்டின் சத்தம் தையல் மிஷின் மாதிரி. மூன்றாவது கியர் போடும்போது கரகரவென்று ஓர் உரசல், அதுவரை இல்லாதது. வீட்டுக்கு வந்து நிறுத்திய இடத்தில், மறுநாள் காலையில் ஆத்தங்குடிக் கல் மேல் தாம்பாளம் அளவுக்கு ஆயில். (அந்தக் கறை இன்னும் போகவில்லை. ஆத்தங்குடிக் கல் ஆயிலைக் குடித்துவிடும் என்று தெரிந்தவர்கள் வண்டிக்குக் கீழே ஒரு தகரத்தையாவது போட்டு வையுங்கள்.)

ஒர்க்ஷாப்புக்குப் போன் செய்தேன். “புது ஆயில்ண்ணே, மெல்லிசாத்தான் இருக்கும். ஃப்ரிக்ஷன் கம்மி, மைலேஜ் கூடும்” என்றார் மேனேஜர். 20டபிள்யூ-50 எப்படி மெல்லிசாக இருக்கும் என்று கேட்டதும் லைன் சரியில்லை என்றார்.

அதன்பின் வண்டியை அவர்களிடம் கொண்டுபோகவில்லை. காரைக்குடியில் அம்பாசடர் டாக்சிகளைப் பார்த்துப் பார்த்தே தலை நரைத்த ஒரு மெக்கானிக் இருக்கிறார். அவருக்குப் பலகையும் இல்லை, வரவேற்பறையும் இல்லை. இன்ஜினைப் பார்த்ததும், “நம்ம அம்பாசடர் வீட்டுப் புள்ளதானே தம்பி” என்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். முதலில் ஃபில்டர் கிண்ணத்தைக் கழற்றினார். இந்த வண்டியில் ஃபில்டர் முழு டப்பாவாகத் திருகுவது இல்லை. இரும்புக் கிண்ணத்துக்குள் காகித எலிமெண்ட் ஒன்று உட்காரும், நடுவில் நீளமான போல்ட் பிடித்திருக்கும். எலிமெண்ட் மாற்றும்போதெல்லாம் அதன் மேல் மார்க்கரில் தேதி எழுதுவது என் பழக்கம். உள்ளேயிருந்து வந்த எலிமெண்டில் என் கையெழுத்து, போன வருடத்துத் தேதி. அதாவது புது ஃபில்டருக்குக் காசு வாங்கிக்கொண்டு கிண்ணத்தைத் திறக்கக்கூட இல்லை. அதைவிட மோசம், ஃப்ளஷ் ஊற்றிக் கிளப்பிய அழுக்கெல்லாம் அந்தப் பழைய எலிமெண்டிலேயே போய் அப்பியிருந்தது.

(திறப்பவர்களுக்கு ஒரு விஷயம். கிண்ணம் உட்காரும் மேல் பள்ளத்தில் ஒரு ரப்பர் வளையம் இருக்கும். பழையதை நோண்டி எடுக்காமல் அதன் மேலேயே புதியதை வைத்தால் ஒழுகும். நம் ஆட்கள் அடிக்கடி விடுவது இதைத்தான்.)

அடுத்து கியர்பாக்ஸ். 1967 வரை வந்த எம்ஜிபி கியர்பாக்ஸில் அளவு பார்க்க டிப்ஸ்டிக் உண்டு. கார்ப்பெட்டைத் தூக்கினால் நடு மேட்டில் ரப்பர் மூடி, அதற்குக் கீழே இருக்கும். அவர் அதை உருவி மூக்கருகே கொண்டுபோய், “இது கியர் ஆயிலு தம்பி, அதுவும் கந்தக வாடை” என்றார். கியர் ஆயில் தரத்தில் ஜிஎல்-5 என்ற வகை. லாரி ஆக்சிலுக்கும் பின் டிஃப்ரன்ஷியலுக்கும் அருமையான ஆயில், அதில் சந்தேகமில்லை. ஆனால் அதில் கந்தகமும் பாஸ்பரஸும் கலந்த அதிஅழுத்த மருந்து நிறைய உண்டு. பழைய கியர்பாக்ஸுகளின் சின்க்ரோ வளையம் (கியர் விழுமுன் இரண்டு பக்க வேகத்தையும் சமமாக்கும் வளையம்) பித்தளை, வெண்கல வகை. சூட்டில் அந்த மருந்து மஞ்சள் உலோகத்தை மெதுவாகத் தின்னும். போதாததற்கு, சின்க்ரோ வேலை செய்வதே உரசலால்தான். வழுக்கல் அதிகமானால் வளையம் கியரின் கூம்புப் பகுதியைப் பிடிக்காது, கியர் கரகரக்கும். என் மூன்றாவது கியருக்கு நடந்தது அதுதான்.

இதில் 90 என்ற எண்ணைப் பார்த்து ஏமாறுபவர்கள் நிறைய. கியர் ஆயில் எண்ணும் இன்ஜின் ஆயில் எண்ணும் வேறு வேறு அளவுகோல். 90 நம்பர் கியர் ஆயிலும் 50 நம்பர் இன்ஜின் ஆயிலும் கெட்டித்தன்மையில் ஏறக்குறைய ஒன்றுதான். வித்தியாசம் உள்ளே கலந்திருக்கும் மருந்தில்.

இன்ஜினிலிருந்து வடித்ததில் கொஞ்சம் எடுத்துச் சென்னையில் ஒரு லேபுக்கு அனுப்பினேன். 100 டிகிரியில் பாகுத்தன்மை, அதாவது கெட்டித்தன்மை, 10.4 சென்டிஸ்டோக் என்று வந்தது. 50 கிரேடு என்றால் அந்தச் சூட்டில் குறைந்தது 16.3 இருக்க வேண்டும். 9.3-லிருந்து 12.5-க்குள் இருந்தால் அது 30 கிரேடு. ஆக, எனக்கு ஊற்றியது புது மாடல் கார்களுக்குப் பேரலில் வாங்கி வைத்திருக்கும் 30 நம்பர் ஆயில். காலி கேன்களைக் காட்டுங்கள் என்று நேரில் போய்க் கேட்டதற்கு, “பழைய பிளாஸ்டிக்காரன் எடுத்துட்டுப் போயிட்டான்” என்று பதில் வந்தது.

புது ஆயில் புது காருக்கு நல்லது, பழைய காருக்கு ஏன் ஆகாது என்று கேட்பவர்களுக்குச் சொல்கிறேன். இந்தக் காலத்து இன்ஜினில் சுழலும் தண்டுக்கும் அதைத் தாங்கும் பேரிங்குக்கும் நடுவே இடைவெளி மிகக் குறைவு, மெல்லிய ஆயில் போதும். அறுபது வருடத்து இன்ஜினில் இடைவெளி அதிகம், மெல்லிய ஆயில் நிற்காமல் வழிந்துவிடும், பிரஷர் விழும். இன்னொன்று வால்வுகளைத் திறந்து மூடும் கேம்ஷாப்ட் தண்டு. பி சீரிஸில் கேம் மேடு தட்டையான டேப்பட் முகத்தில் நேராகத் தேய்ந்து ஓடுகிறது. அந்த இடத்தைக் காப்பாற்றுவது ஆயிலில் இருக்கும் துத்தநாக-பாஸ்பரஸ் கலவை, சுருக்கமாக ஜெட்டிடிபி. புகையைச் சுத்தம் செய்ய சைலென்சர் குழாயில் வைக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைப் பாஸ்பரஸ் கெடுக்கும் என்பதால், 2004-ல் வந்த ஏபிஐ எஸ்எம் என்ற இன்ஜின் ஆயில் தரத்திலிருந்து மெல்லிய கிரேடுகளுக்கு அதை 0.08 சதவீதத்துக்குள் கட்டிவிட்டார்கள். நம் வண்டியில் கன்வெர்ட்டரே இல்லை. அந்தக் கட்டுப்பாட்டால் நமக்கு நஷ்டம் மட்டும்தான். 20டபிள்யூ-50 மாதிரிக் கெட்டிக் கிரேடுகளுக்கு அந்த வரம்பு கிடையாது என்பது கூடுதல் நல்ல செய்தி.

20டபிள்யூ என்றால் மைனஸ் 15 டிகிரி குளிரிலும் இன்ஜினைச் சுழல விடும் என்று கணக்கு. மார்கழி விடியலிலும் செட்டிநாட்டில் ஒரு துண்டைத் தலையில் சுற்றினால் குளிர் அடங்கிவிடும். 0டபிள்யூ, 5டபிள்யூ என்று யாராவது பெருமையாகச் சொன்னால், அது எங்கள் ஊருக்கு எதற்கு என்று கேளுங்கள்.

சிந்தெடிக் (வேதிமுறையில் தயாரித்த ஆயில்) என்றாலே விஷம் என்று நான் சொல்லவில்லை. சரியான கிரேடில், சரியான மருந்தோடு இருந்தால் அதுவும் ஓடும். வருடத்தில் சில நூறு கிலோமீட்டர் ஓடும் வண்டிக்கு அந்த விலை தண்டம், அவ்வளவுதான். பழைய கார்களுக்கென்றே கேஸ்ட்ரால் கிளாசிக் என்று 20டபிள்யூ-50 செய்கிறார்கள், கிடைத்தால் வாங்கலாம். கிடைக்காவிட்டால் நம்பகமான கம்பெனியின் சாதாரண மினரல் 20டபிள்யூ-50 போதும். லாரிக்கு ஊற்றும் 15டபிள்யூ-40 டீசல் ஆயிலைச் சிலர் சிபாரிசு செய்வார்கள். துத்தநாகம் அதில் தாராளம், அவசரத்துக்குத் தப்பில்லை. நம் கோடைக்கு 40 கொஞ்சம் மெலிசு என்பது என் எண்ணம். தனி பாட்டிலில் விற்கும் ஜிங்க் மருந்தை மட்டும் வாங்கிக் கலக்காதீர்கள். ஏற்கெனவே அளந்து கலந்த ஆயிலில் நாம் கைவைப்பது சரிவராது.

எங்கே கொடுத்தாலும் ஆயிலை நீங்களே சீல் உடைக்காத கேனில் வாங்கிக்கொண்டு போங்கள். ஊற்றும்போது பக்கத்தில் நில்லுங்கள். காலி கேனையும் பழைய ஃபில்டரையும் கையோடு வாங்கிவிடுங்கள். கேனில் ஓர் ஆணியை இறக்கிவிட்டுத் தூக்கிப் போடுங்கள், இல்லாவிட்டால் அதே கேன் கண்டதை நிரப்பிக்கொண்டு மறுபடி கடைக்கு வரும்.

நான் சிவகங்கை மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுத்திருக்கிறேன். 2019 சட்டப்படி, கடை எந்த ஊரில் இருந்தாலும் நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே கொடுக்கலாம். கொடுத்த பணம் 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் இல்லை. இரண்டு வருடத்துக்குள் கொடுக்க வேண்டும். வழி தெரியாதவர்கள் 1915-க்குப் போன் செய்தால் சொல்வார்கள். பில், லேப் ரிப்போர்ட், தேதி எழுதிய அந்த எலிமெண்ட் மூன்றையும் பத்திரமாக வைத்திருக்கிறேன். நோட்டீஸ் போனதும், பாதிப் பணம் தருகிறோம் என்று ஆள் அனுப்பினார்கள். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

சமீபத்தில் இப்படி ஓர் இடத்தில் எம்ஜிபி சர்வீஸ் செய்தவர்கள் இன்றைக்கே கார்ப்பெட்டைத் தூக்கி அந்த ரப்பர் மூடியைத் திறந்து டிப்ஸ்டிக்கை முகர்ந்து பாருங்கள். கந்தக வாடை அடித்தால் வண்டியை நெடுந்தூரம் எடுக்க வேண்டாம். கொஞ்ச தூரம் ஓட்டிச் சூடாக இருக்கும்போது வடித்து, மலிவான 20டபிள்யூ-50 ஊற்றிக் கொஞ்சம் ஓட்டி அதையும் வடித்துவிட்டு, அப்புறம் நல்ல ஆயில் ஊற்றுங்கள். என் மூன்றாவது கியர் இரண்டாவது தடவை வடித்த பிறகுதான் சத்தமில்லாமல் விழ ஆரம்பித்தது.