28 அங்குலச் சைக்கிளா, கியர் சைக்கிளா?

தினமும் வேலைக்குப் போய்வரவும், வரும் வழியில் அரிசிப் பையோ காய்கறிக் கூடையோ ஏற்றிவரவும் சைக்கிள் தேடுவோருக்கு, 28 அங்குலச் சக்கரமும் கம்பி பிரேக்கும் கொண்ட பழைய பாணி வண்டியையே நான் முதலில் பரிந்துரைப்பேன். அதன் கனத்த இரும்புக் கேரியரில் 25 கிலோ சிப்பத்தைக் கயிறு போட்டுக் கட்டலாம். இரட்டைக்கால் ஸ்டாண்டில் நிறுத்திவிட்டால் மூட்டையை ஏற்றும்போது வண்டி சாயாது. முழுச் செயின் கவர் இருப்பதால் வேட்டியிலோ சேலையிலோ கிரீஸ் படாது. கியர் சைக்கிள்கள் பலவற்றுக்கு மட்கார்டையும் கேரியரையும் தனியாக வாங்கவேண்டும். பின்பக்கச் சஸ்பென்ஷன் இருந்தால் சாதாரணக் கேரியர் பொருந்தாது. ஆனால், கோத்தகிரி போன்ற மலையூர்களில் கியர் இல்லாமல் சுமையோடு ஏற்றம் மிதிப்பது முழங்காலை வதைத்துவிடும். மழையிலும், நனைந்த இரும்பு ரிம்மில் கம்பி பிரேக் சரியாகப் பிடிக்காது என்பதால், டிஸ்க் பிரேக் உள்ள வண்டியே பாதுகாப்பானது.