40 ஆயிரத்துக்குள்ள ஹோம் தியேட்டர் அப்கிரேட்: சவுண்ட்பாரா, ஏவிஆரா, எஸ்.பி. ரோடு அசெம்பிள் செட்டா?

முதல்லயே சொல்லிடறேன், இது பெங்களூர்ல வாடகைக்கு டூ பிஎச்கேல இருக்கறவங்களுக்கான அலசல். ஏவிஆர்னா டிவி சத்தத்தை வாங்கி ஸ்பீக்கர்களுக்கு பிரிச்சு ஓட்டற ரிசீவர்-ஆம்ப், எஸ்.பி. ரோடு நம்ம பெங்களூர் எலக்ட்ரானிக்ஸ் சந்தை. ஹால் 11க்கு 14 அடி இருக்கும், ஒரு பக்கம் பால்கனி கதவு, இன்னொரு பக்கம் கிச்சனுக்கு போற வழி, சுவத்துல டிரில் போட்டா ஓனர் அட்வான்ஸ்ல கை வைப்பார், ராத்திரி ஒன்பதரைக்கு மேல சப்-ஊஃபர் உறுமினா அபார்ட்மென்ட் வாட்ஸப் குரூப்ல மெசேஜ் வந்து விழும். கையில 30லேர்ந்து 40 ஆயிரம். வீட்ல டிவிடி காலத்து 5.1 செட் (அஞ்சு ஸ்பீக்கர், ஒரு சப்-ஊஃபர்) ஒண்ணு தூசி பிடிச்சு கிடக்கு, இல்லேன்னா டிவி ஸ்பீக்கர்லயே ஓட்டிட்டு இருக்கோம். தனி ரூம், ப்ரொஜெக்டர், சீலிங் ஸ்பீக்கர்னு போறவங்களுக்கு இதுல ஒண்ணும் கிடையாது.

என் கட்சி ஒண்ணே ஒண்ணு தான். காசு கம்மியா இருக்கும்போது பெட்டி எண்ணிக்கையை குறைங்க. சுமாரான அஞ்சு ஸ்பீக்கருக்கு உருப்படியான மூணு மேல். படத்துல வசனம் பெரும்பாலும் சென்டர் சேனல்ல தான் வரும், பாட்டும் பிஜிஎம்மும் லெஃப்ட் ரைட்ல, பின்னாடி ஸ்பீக்கர்ல மழை, கூட்டம், எப்பவாவது ஒரு ஹெலிகாப்டர். நம்ம வீட்ல எல்லாரும் சொல்ற கம்ப்ளைன்ட் என்ன, "பேசறது கேக்கல, சண்டை வந்தா காது கிழியுது", அவ்ளோ தானே? அதுக்கு மருந்து முன்னாடி இருக்கு, பின்னாடி இல்ல.

சரி, ஒவ்வொண்ணா பாப்போம்.

சவுண்ட்பார்

இந்த பட்ஜெட்ல எல்லார் கண்ணுலயும் முதல்ல படறது சோனி எச்டி-எஸ்20ஆர். 5.1, மொத்தம் 400 வாட், எச்டிஎம்ஐ ஆர்க் (டிவி சத்தம் எச்டிஎம்ஐ கேபிள்லயே திரும்பி வர்ற வழி), ஆப்டிகல் (ஒளி கேபிள்ல சத்தம் போற வழி), ப்ளூடூத் எல்லாம் உண்டு, ரியர் ஸ்பீக்கர் ரெண்டும் வயர்ல தான் வரும், ஆஃபரை பொறுத்து 15லேர்ந்து 18 ஆயிரம். கொஞ்சம் மேல போனா எச்டி-எஸ்40ஆர், 600 வாட், இதுல ரியருக்கு தனியா ஒரு ஆம்ப் டப்பா இருக்கும், முன்னாடி இருந்து பின்னாடிக்கு வயர் இழுக்க வேண்டாம், ஆனா அந்த டப்பாவுக்கு சோபா பக்கத்துல ஒரு பிளக் பாயின்ட் வேணும், அதை யாரும் யோசிக்கிறதில்ல. சனிக்கிழமை வாங்கினா அன்னிக்கு சாயங்காலமே படம் ஓடும், அப்பா அம்மாவுக்கு ஒரே ரிமோட், வீடு மாத்தும்போது ஒரே பெட்டியில போட்டு தூக்கிட்டு போயிடலாம். இதையெல்லாம் குறைச்சு மதிப்பிட முடியாது.

குறை எங்கன்னா, பார் உள்ள இருக்கற ஸ்பீக்கர் எல்லாம் குட்டி குட்டியா இருக்கும், அதால கீழ் சத்தம் தர முடியாது. பொதுவா இந்த மாதிரி செட்ல 150 ஹெர்ட்ஸ் வாக்குல கீழ வர்ற எல்லாத்தையும் சப்புக்கு தள்ளி விட்டுடுவாங்க, ஆம்பளை குரலோட அடி சத்தம் 85லேர்ந்து 155 ஹெர்ட்ஸ் வரைக்கும் இருக்கும்ங்கறதால குரல்ல பாதி டிவி கிட்ட இருந்தும் மீதி மூலையில இருந்தும் வரும். முருகேஷ்பாளையால என் மச்சான் வீட்ல சப்பை சோபா பக்கத்துல சொருகி வச்சிருக்கான், வில்லன் டயலாக் பேசினா சோபாவுக்கு அடியில ஒளிஞ்சிக்கிட்டு பேசற மாதிரியே இருக்கு. சப்பை டிவி ஸ்டாண்ட் பக்கத்துலயே தள்ளி வச்சா இது நல்லாவே குறையும், பார் வச்சிருக்கறவங்க இப்பவே செஞ்சு பாருங்க, காசு செலவு இல்ல.

இன்னொரு குறை பெருசு. பார்ல எதையும் தனியா மாத்த முடியாது. சென்டர் மட்டும் நல்லதா போடலாம்னா வழி இல்ல, உள்ள போர்டு போச்சுன்னா மொத்த செட்டும் போச்சு. பேர் வேண்டாம், எங்க வீட்ல முன்ன இருந்த வேற ஒரு கம்பெனி பார் வாரன்ட்டி முடிஞ்ச கொஞ்ச நாள்லயே சப் போர்டு போயி, சர்வீஸ்ல பார்ட் வர்றதில்ல சார்னு கையை விரிச்சுட்டாங்க, ஸ்பீக்கர் எல்லாம் நல்லா இருந்தும் எதுக்கும் உதவல.

20 ஆயிரத்துக்குள்ள அட்மாஸ்னு (தலைக்கு மேல இருந்தும் சத்தம் வர்ற டால்பி முறை) பேர் போட்ட பார் எல்லாம் பெரும்பாலும் சாஃப்ட்வேர் வித்தை தான். மேல நோக்கி அடிக்கற ஸ்பீக்கர் நிஜமாவே இருந்தாலும் அது சீலிங்ல பட்டு திரும்பணும், சமமான கெட்டி சீலிங் வேணும், நம்மூரு ஃபால்ஸ் சீலிங்ல நடுவுல பள்ளம், ஓரத்துல லைட்டு, அது பாட்டுக்கு எங்கயோ போகும். இந்த பட்ஜெட்ல அட்மாஸை மறந்துடுங்க.

புது ஏவிஆர்

இதை சீக்கிரமா முடிச்சுடலாம். யமஹா ஆர்எக்ஸ்-வி385 மாதிரி என்ட்ரி லெவல் 5.1 ரிசீவரே 30 ஆயிரம் வாக்குல வந்துடும். 6 ஓம்ஸ்ல ரெண்டு சேனல் ஓடும்போது சேனலுக்கு 70 வாட், கூட ஒரு மைக் வரும், அதை சோபால காது உயரத்துல வச்சா ஒய்பாவோங்கற யமஹா வசதி ஸ்பீக்கர் லெவல், தூரம் எல்லாம் தானா செட் பண்ணிக்கும். நல்ல சாமான் தான். ஆனா 40ல 30 ஆம்ப்புக்கு போயிட்டா மிச்சம் பத்துல அஞ்சு ஸ்பீக்கர் எங்க வாங்கறது? சத்தத்தோட குணத்தை முடிவு பண்றது ஸ்பீக்கரும் ரூமும் தான், ஆம்ப் அதுக்கப்புறம். பட்ஜெட் 60க்கு மேல போனா பேசுவோம்.

பழைய ஏவிஆர் + புது ஸ்பீக்கர்

என் ஓட்டு இதுக்கு தான், அதனால கொஞ்சம் விலாவாரியாவே சொல்றேன்.

2010லேர்ந்து 2013 வாக்குல வந்த டெனான், யமஹா, ஆன்கியோ ரிசீவர் எல்லாம் ஓஎல்எக்ஸ்லயும் ஃபேஸ்புக் குரூப்லயும் சல்லிசா வருது. காரணம், அதுல பெரும்பாலானதுல இன்னிக்கு வர்ற 4கே வீடியோ சரியா உள்ள போய் வெளிய வராது, அதனால யாருக்கும் வேண்டாம். ஆனா நமக்கு வீடியோ அதுக்குள்ள போகவே வேண்டாமே! ஸ்ட்ரீமிங் ஸ்டிக்கோ செட்-டாப் பாக்ஸோ எதுவா இருந்தாலும் நேரா டிவியில சொருகுங்க, டிவியோட ஆர்க்னு எழுதின போர்ட்ல இருந்து ஏவிஆரோட ஆர்க் போர்ட்டுக்கு ஒரே ஒரு எச்டிஎம்ஐ கேபிள், சத்தம் மட்டும் அந்த வழியா திரும்பி வரும். ஆர்க் வசதி எச்டிஎம்ஐ 1.4ல வந்தது, 2009ல. அதனால அதுக்கப்புறம் வந்த மாடலா பாருங்க, அப்பவும் எல்லாத்துலயும் இருக்காது, பின் பக்கம் எச்டிஎம்ஐ அவுட் மேல ஆர்க்னு பிரிண்ட் இருக்கான்னு போட்டோ கேளுங்க. இல்லேன்னாலும் குடி முழுகிடல, ஆப்டிகல்ல 5.1 டால்பி டிஜிட்டல் போகும். ஓடிடில வர்றது டால்பி டிஜிட்டல் ப்ளஸ், அது ஆப்டிகல்ல போகாது, ஆனா நிறைய டிவி அதை சாதா டால்பி டிஜிட்டலா மாத்தி அனுப்பிடும். டிவி செட்டிங்ஸ்ல டிஜிட்டல் அவுட்புட்டை பிசிஎம்ல (ஆப்டிகல், ஆர்க்ல இது ரெண்டு சேனல் தான் போகும்) விட்டுட்டு "5.1 வரல ப்ரோ"ன்னு கேக்கறவங்க தான் பாதி பேர், அதை ஆட்டோவுலயோ டால்பி டிஜிட்டல்லயோ வைங்க.

பெங்களூர்ல இதுக்கு ஒரு சவுகரியம் இருக்கு. வைட்ஃபீல்டு, மாரத்தஹள்ளி, பெல்லந்தூர் பக்கம் ஊர் மாறிப் போறவங்க ஒரே வாரத்துல காலி பண்ணணும்னு போடுவாங்க, பேரம் படியும். அதுலயே ஒரு பொறியும் இருக்கு, அமெரிக்காவுல இருந்து திரும்பி வந்தவங்க கொண்டு வந்த செட். பின்னாடி ஸ்டிக்கர்ல ஏசி 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ்னு இருந்தா நம்ம 230ல நேரா சொருகினா புகை தான், கூட ஒரு ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்பார்மர் வாங்கணும், அது நல்ல கனம், உம்ம்னு சத்தம் வேற. விலை ரொம்ப கம்மியா இருந்தா முதல்ல அந்த ஸ்டிக்கரை பாருங்க.

வாங்கப் போகும்போது கையில ஒரு ஸ்பீக்கரும் ரெண்டு மீட்டர் வயரும் எடுத்துட்டு போங்க. டெஸ்ட் டோன் போட்டு அஞ்சு சேனல்லயும் மாத்தி மாத்தி அந்த ஒரே ஸ்பீக்கரை சொருகி கேளுங்க, ஏதாவது ஒண்ணுல கரகரன்னாலோ சத்தம் விட்டு விட்டு வந்தாலோ வேண்டாம். ஆன் பண்ணி சில செகண்ட்ல உள்ள ரிலே டிக்குன்னு விழணும். அரை மணி நேரம் ஓட விடுங்க, வெளிய நின்னு அவர் கூட டீ குடிச்சாலும் பரவால்ல, எச்டிஎம்ஐ போர்டு கோளாறு பல சமயம் சூடானப்புறம் தான் தெரியும். ஆடிஸி (ஒய்பாவோ மாதிரியே தானா செட் பண்ற வசதி), ஒய்பாவோ ரெண்டுல ஒண்ணு இருக்கற மாடல்னா அதோட மைக் இருக்கான்னு கேளுங்க, வேற மைக் போட்டா அளவு தப்பா வரும்.

ஸ்பீக்கரை மட்டும் புதுசா வாங்குங்க, பல பழசுல கோன் ஓரத்து ஃபோம் உளுத்துப் போயிருக்கும், விரல் வச்சா உதிரும். என் கணக்கு: ஏவிஆருக்கு பத்து பன்னெண்டு, முன்னாடி புக்‌ஷெல்ஃப் (ஸ்டாண்ட்லயோ அலமாரியிலயோ வைக்கற சின்ன ஸ்பீக்கர்) ஜோடிக்கு பன்னெண்டு பதிமூணு, அதே சீரிஸ்ல சென்டருக்கு பத்து. போல்க் டி15 ஜோடியும் அதோட டி30 சென்டரும் இந்த கணக்குக்கு கிட்டத்தட்ட ஒத்து வரும். சென்டர் அதே சீரிஸா இருக்கணும், இல்லேன்னா ஆள் இடது பக்கம் இருந்து நடுவுக்கு நடந்து வரும்போது குரல் மாறும். டி15 சென்சிடிவிட்டி (ஒரு வாட்டுக்கு ஒரு மீட்டர் தூரத்துல வர்ற சத்தம்) 89 டெசிபல், பத்தடி தூரத்து சோபாவுக்கு பத்து வாட் போனாலே ஹால் நிறையும், அதனால 70 வாட்டா 100 வாட்டான்னு மண்டையை உடைச்சுக்காதீங்க. வாட்டை ரெண்டு மடங்கு ஆக்கினாலும் கூடறது வெறும் 3 டெசிபல் தான்.

சப் அடுத்த தீபாவளிக்கு. ரியர் அதுக்கும் அடுத்து. இந்த வழியோட அழகே அது தான்.

எஸ்.பி. ரோடு அசெம்பிள் செட்

நம்ம தமிழாளுங்களுக்கு இது மேல ஒரு தனி பாசம் உண்டு, ரிச்சி ஸ்ட்ரீட் போய் போர்டு வாங்கி வந்து தானே சால்டர் பண்ணின தலைமுறை. 4440 ஐசி போட்டு நீல எல்இடி சுத்தற வால்யூம் வச்ச 5.1 ஆம்ப், மூவாயிரத்துல ஆரம்பிக்கும். பாட்டுக்கு கும்முன்னு இருக்கும், அதை இல்லன்னு சொல்லல.

ஆனா 1000 வாட்னு ஸ்டிக்கர் பார்த்தா மூடியை கழட்ட சொல்லி டிரான்ஸ்பார்மரை பாருங்க. 12-0-12 வோல்ட், 5 ஆம்பியர்னா 24 பெருக்கல் 5, 120 வாட் தான் உள்ளயே வருது, அதுல சூடா போறது போக வெளிய 70, 80 வந்தா பெரிய விஷயம், அதையும் ஆறு சேனல் பிரிச்சுக்கணும். எல்ஏ4440 ஐசியே ஸ்டீரியோவுல சேனலுக்கு 6 வாட், பிரிட்ஜ் பண்ணினா 19 வாட், இது கம்பெனி டேட்டா ஷீட் கணக்கு. டிடிஏ7294 போட்டதா கேட்டா நிஜமாவே பவர் இருக்கும், ஆனா அதுக்கேத்த டிரான்ஸ்பார்மரும் ஹீட் சிங்க்கும் போட சொன்னா விலை எகிறும்.

அதை விட முக்கியம், நிறைய செட்ல 5.1 நிஜ 5.1 கிடையாது. 4558 ஐசி போர்டு ஒண்ணு ஸ்டீரியோவை வாங்கி லெஃப்ட்ல இருந்து ரைட்டை கழிச்சு சரவுண்ட்னு அனுப்பும், ரெண்டையும் கூட்டி சென்டர்னு அனுப்பும். அப்ப வசனத்தோட பிஜிஎம்மும் சேர்ந்து சென்டர்ல கத்தும், நம்ம பிரச்சனை அப்படியே தான் இருக்கும். ஆப்டிகலோ ஆர்க்கோ உள்ள டிகோடர் போர்டு (5.1 சத்தத்தை தனித்தனி சேனலா பிரிக்கறது) போட்டா சரியாகும், "டிகோடர் போர்டு இருக்கா அண்ணா, ஓட்டி காட்டுங்க"ன்னு கேட்டு, பின்னாடி ஸ்பீக்கர்ல தனி சத்தம் வருதான்னு காதை வச்சு பார்த்துட்டு காசு குடுங்க. சால்டரிங் தெரிஞ்சவங்க, ரிப்பேரை ரசிக்கறவங்க தாராளமா போகலாம். மத்தவங்க வேண்டாம்.

குட்டி ஸ்டீரியோ ஆம்ப்

படத்தை விட பாட்டு அதிகம் கேக்கற வீடு, ரெண்டே பேர், நடுவுல உக்காந்து பாப்போம்னா கிளாஸ்-டி மினி ஆம்ப் ஒண்ணும் நல்ல புக்‌ஷெல்ஃப் ஜோடியும் போதும், சென்டரே வேண்டாம், குரல் தானா நடுவுல நிக்கும். டிவியை பிசிஎம்ல வைக்கணும், மேல சொன்னதுக்கு நேர் எதிர். நாலு பேர் ஓரத்துல உக்காந்தா இது எடுபடாது, யாருக்கு எந்த பெட்டி பக்கமோ அதுல இருந்தே வசனம் வரும்.

சப் பத்தி ஒரு வார்த்தை

எதை வாங்கினாலும் ரூம் தன் வேலையை காட்டும். 14 அடி நீளம்னா 40 ஹெர்ட்ஸ், 11 அடி அகலம்னா 51 ஹெர்ட்ஸ் கிட்ட சத்தம் தேங்கும், குத்து பாட்டுல எல்லா அடியும் ஒரே தொம்முன்னு கேக்கறதுக்கு காரணம் அது, ஷோகேஸ் கண்ணாடி நடுங்கறதும் அதே. சப்பை தூக்கி சோபால நீங்க உக்கார்ற இடத்துல வச்சு ஒரு பேஸ் பாட்டை ஓட விட்டு, சுவர் ஓரமா தவழ்ந்து எங்க சத்தம் சீரா இருக்குன்னு கேளுங்க, அங்க சப்பை வைங்க. பாக்க காமெடியா இருக்கும், வேலை செய்யும். கிராஸ்ஓவர் (எந்த ஹெர்ட்ஸுக்கு கீழ சத்தம் சப்புக்கு போகணும்ங்கறது) 80ல ஆரம்பிங்க, ராத்திரிக்கு நைட் மோட் போட்டா வசனம் ஏறி வெடி இறங்கும், கீழ்வீட்டு ஆன்ட்டியும் தூங்குவாங்க.

வயருக்கு எஸ்.பி. ரோடு தான். 16 கேஜ் சுத்த காப்பர் கேளுங்க, கடைக்காரர் எடுத்து போடற முதல் ரோல் பெரும்பாலும் காப்பர் பூச்சு போட்ட அலுமினியமா இருக்கும், ஒரு இழையை பிளேடால சுரண்டினா உள்ள வெள்ளையா தெரிஞ்சிடும். சுவத்துல டிரில் இல்லாம வயரை மறைக்க ஒட்டற கேசிங் பட்டியும் அங்கயே கிடைக்கும். ஞாயித்துக்கிழமை மட்டும் போகாதீங்க, முக்கால்வாசி கடை ஷட்டர் சாத்தி தான் இருக்கும்.