லூபஸில் ரத்தம் உறைந்தால்: வார்ஃபரினா, ரிவராக்சபானா?

லூபஸ் (நோய் எதிர்ப்பாற்றல் நம் உடலையே தாக்கும் நோய்) உள்ள சிலருக்கு, ரத்தத்தை உறையவைக்கும் ஆன்டிபாஸ்போலிப்பிட் எதிர்ப்பொருட்களும் இருக்கும். ரத்தம் உறைந்து பக்கவாதம்வரை போகலாம். அதைத் தடுக்கத் தரும் மாத்திரைகள்தான் வார்ஃபரினும் ரிவராக்சபானும்.

ரிவராக்சபான் வசதிதான். வார்ஃபரின் மாதிரி ஐ.என்.ஆர். (ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் சோதனை) பார்க்க அம்பாசமுத்திரத்திலிருந்து பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரிக்கு அடிக்கடி பஸ் ஏற வேண்டாம், முருங்கைக்கீரைக்கும் கணக்கு இல்லை. ஆனால் மூன்று எதிர்ப்பொருள் சோதனைகளும் பாசிட்டிவாக இருந்தவர்களிடம் நடந்து 2018-ல் வெளியான ஆய்வில், ரிவராக்சபான் எடுத்தவர்களில் சிலருக்குப் பக்கவாதமும் மாரடைப்பும் வந்தன. வார்ஃபரின் தரப்பில் யாருக்கும் வரவில்லை. மூன்றும் பாசிட்டிவ் என்றால் நான் வார்ஃபரின் பக்கம்தான்.

சள்ளை பிடித்த மருந்து, சரி. ஐ.என்.ஆர். பெரும்பாலும் 2-க்கும் 3-க்கும் இடையில் நிற்க வேண்டும். கீரையிலுள்ள வைட்டமின் கே இந்த மருந்தின் வேலையைக் குறைக்கும்; அதற்காகக் கீரையை விட வேண்டாம், வாராவாரம் ஒரே அளவாகச் சாப்பிடுங்கள். அப்புறம், பிள்ளைக்குத் திட்டமிடும் பெண்கள் முன்கூட்டியே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்: வார்ஃபரின் கருவைப் பாதிக்கும், ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெபாரின் ஊசிக்கு மாற்றுவார்கள்.