நாலு வருடம் ஸ்மார்ட் வீட்டில் குடியிருந்த பிறகு

முதல் ஸ்மார்ட் பல்பை மாட்டிய ராத்திரி, படுத்தபடியே போனில் அதை நீலம், ஊதா, பச்சை என்று மாற்றி மாற்றி விளையாடிக்கொண்டிருந்தேன். அதற்குப் பிறகு அந்தப் பல்பு நீலமாக எரிந்ததாக ஞாபகமே இல்லை. வெள்ளை, அதிலும் கொஞ்சம் மஞ்சள் கலந்த வெள்ளை, அவ்வளவுதான்.

பைத்தியம் மட்டும் குறையவில்லை. இப்போது வீட்டில் முப்பதுக்கும் மேற்பட்ட சாமான்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்கின்றன.

முதல் தகராறு சுவரில் இருக்கும் சுவிட்ச்சோடு. பல்பு ஸ்மார்ட் என்றால் சுவிட்ச் எப்போதும் போட்டபடியே இருக்க வேண்டும். அம்மாவுக்கோ அறையை விட்டு வெளியே வந்தால் கை தானாகச் சுவிட்சுக்குப் போய்விடும். அணைத்துவிட்டால் பல்புக்கு மின்சாரமே கிடையாது, எத்தனை கத்தினாலும் எரியாது. "லைட்ட அணைச்சது ஒரு தப்பாடா?" என்று அம்மா கேட்டபோது என்னிடம் பதில் இல்லை.

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. நான் வாங்கியவை ஜிக்பீ பல்புகள், அதாவது ஜிக்பீ என்ற ஒயரில்லா முறையில் பேசிக்கொள்பவை. இவை எரிவதோடு நிற்காமல், பக்கத்தில் பேட்டரியில் ஓடும் சென்சார்களின் செய்தியையும் வாங்கி அடுத்ததற்குக் கைமாற்றிவிடும். நடுவில் ஒரு பல்பு போனால், அதை நம்பியிருந்த சென்சாரும் காணாமல் போகும். அம்மா ஹால் லைட்டை அணைத்தால் பாத்ரூம் சென்சார் செத்துப்போகும்! சென்சாரைச் சந்தேகப்பட்டு இரண்டு சிஆர்2032 பேட்டரியை வீணாக மாற்றிய பிறகுதான் இந்தச் சங்கதி பிடிபட்டது.

கடைசியில் ஸ்மார்ட் பல்புகளை எல்லாம் கழற்றிவிட்டுச் சாதாரண எல்இடி மாட்டினேன். சுவிட்ச் பெட்டிக்குள், சுவிட்ச்சுக்குப் பின்னால், சின்ன ரிலே மாட்யூல்கள் (போனிலிருந்தும் இயக்கக்கூடிய குட்டி மின் சுவிட்சுகள்) போயின. இப்போது அம்மா சுவிட்சைத் தட்டலாம், நான் போனில் தட்டலாம், யாரும் யாருக்கும் குறுக்கே வருவதில்லை. புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: வாங்குவதற்கு முன்னால் எலக்ட்ரீஷியனை வைத்துச் சுவிட்ச் பெட்டியில் நியூட்ரல் ஒயர் (மின்சாரம் திரும்பிப் போகும் ஒயர், பல மாட்யூல்கள் ஓட இதுவும் வேண்டும்) இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். நான் பார்க்காமல் வாங்கியதில் இரண்டு இன்னும் டப்பாவிலேயே இருக்கின்றன.

பாத்ரூம் லைட் கதை வேறு. சாதாரண மோஷன் சென்சார் உடம்புச் சூடு நகர்வதைத்தான் பார்க்கும். அசையாமல் உட்கார்ந்திருந்தால் அதன் கணக்கில் உள்ளே ஆளே இல்லை. இருட்டில் கையை ஆட்டி ஆட்டி நான் உள்ளே இருப்பதை நிரூபித்திருக்கிறேன். ரேடார் வகைச் சென்சார் மூச்சுவிடும் அசைவைக்கூடப் பிடித்துவிடும் என்பதால் மாற்றினேன். அது காற்றில் ஆடும் திரைச்சீலையையும் மனுஷனாக நினைத்தது. உணர்திறனைக் குறைத்து ஒருவழியாகச் சமாளித்தாயிற்று.

ஏசி ரிமோட்டுக்குப் பதிலாக வாங்கிய ஐஆர் பெட்டியை (ரிமோட் போலவே அகச்சிவப்பு ஒளியில் கட்டளை அனுப்புவது) பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. கட்டளை போகும், ஏசி கேட்டதா என்று திரும்பச் சொல்லாது.

நான் கோவில் கட்டிக் கும்பிடலாம் என்று நினைப்பது வாஷிங் மெஷினுக்குப் போட்ட ஸ்மார்ட் பிளக்கைத்தான். எத்தனை வாட் இழுக்கிறது என்று அது அளக்கும். சில நிமிடம் ஐந்து வாட்டுக்குக் கீழேயே இருந்தால் துவைத்து முடிந்தது என்று போனுக்குச் செய்தி வரும். மெஷின் பழையது, அதற்கு எந்தப் புத்திசாலித்தனமும் கிடையாது. ஈரத் துணி ராத்திரி முழுக்க உள்ளேயே கிடந்து நாறுவது நின்றது.

இரண்டாவது வருடத்தில் ஒரு கம்பெனி தன் சர்வரை மூடியது. அந்தச் சர்வரை நம்பி ஓடிய, நல்ல நிலையில் இருந்த கேமரா ஒரே நாளில் பிளாஸ்டிக் கட்டியானது. அதன் பிறகு எல்லாவற்றையும் ஹோம் அசிஸ்டன்டுக்கு மாற்றினேன். 2013-இல் தொடங்கிய இலவச ஓப்பன் சோர்ஸ் மென்பொருள், வீட்டிலேயே ஒரு சின்னக் கம்ப்யூட்டரில் ஓடுகிறது. இன்டர்நெட் போனாலும் லைட் எரியும். புதிதாக வாங்குவதில் மேட்டர் முத்திரை இருக்கிறதா என்றும் பார்க்கிறேன். 2022 அக்டோபரில் முதல் பதிப்பு வந்த அந்தப் பொதுத்தரம், கம்பெனி மாறினாலும் சாமான்கள் வீட்டுக்குள்ளேயே பேசிக்கொள்ள வழி செய்கிறது.

ஏஐ பக்கம் வந்தால், போன வருடம்தான் ஒரு பெரிய மொழி மாடலை (சாட்ஜிபிடி மாதிரியான ஏஐ) இதோடு இணைத்தேன். முன்பு குரல் கட்டளையை எழுத்துப் பிசகாமல் சொல்ல வேண்டும். இப்போது "இங்க ஒரே இருட்டா இருக்கே" என்றாலே ஹால் லைட்டைப் போடுகிறது. தமிழ்ப் பேச்சை எழுத்தாக்க விஸ்பர் என்ற மென்பொருளை வைத்திருக்கிறேன். அதில் சின்ன மாடல் வேகமாக ஓடும், ஆனால் நான் சொல்வதைக் கன்னாபின்னாவென்று எழுதும். பெரியது சரியாக எழுதும், அதற்குள் நானே எழுந்துபோய் சுவிட்சைத் தட்டிவிடலாம்.

இன்னொரு சிக்கல், அந்த மொழி மாடல் பொய்யும் சொல்கிறது. "அணைத்துவிட்டேன்" என்று பவ்யமாகச் சொல்லும், மோட்டார் ஓடிக்கொண்டிருக்கும். அதனால் வாசல் பூட்டு, ஹீட்டர், மோட்டார் மூன்றையும் அதன் கைக்கு எட்டாமல் எடுத்துவிட்டேன். லைட்டோடும் பாட்டோடும் விளையாடட்டும்.

அடுத்து சிங்க் அடியில் வைக்க ஒரு தண்ணீர்க் கசிவுச் சென்சார் ஆர்டர் போட்டிருக்கிறேன். அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.